சேற்றில் நிற்கும் கடல் சுவர்

சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போகும் நம்மூர்ப் பெற்றோர்களை, வந்த முதல் வாரமே சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ சாலைக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஒரு பக்கம் வளைகுடா, மறுபக்கம் வானுயர்ந்த கட்டடங்கள், நடுவே பனைமர வரிசை, ஓடிக்கொண்டே இருக்கும் பழைய டிராம் வண்டிகள், 1898-ல் திறக்கப்பட்ட ஃபெர்ரி பில்டிங்கின் மணிக்கூண்டு என்று படம் எடுத்துக்கொள்ள எல்லாம் இருக்கிறது. படத்தில் விழாத ஒன்று காலுக்குக் கீழே இருக்கிறது. ஃபிஷர்மன்ஸ் வார்ஃபில் தொடங்கி மிஷன் ஓடை வரை சுமார் 5 கிலோமீட்டர் நீளும் கடல் சுவர் அது. 1870-களின் கடைசியில் கட்டத் தொடங்கியது. பெரும்பகுதி முடிய 1916 ஆயிற்று. அந்தச் சாலை, டிராம் தண்டவாளம், நகரத்தின் பெரிய கழிவுநீர்க் குழாய்கள், படகுத்துறை எல்லாம் அந்தச் சுவரை நம்பித்தான் இருக்கின்றன. இப்போது அந்தச் சுவருக்கு இரண்டு ஆபத்துகள். ஒன்று, மேலேறி வரும் கடல். மற்றொன்று, எப்போது வேண்டுமானாலும் வரக்கூடிய நிலநடுக்கம். வெள்ளத்துக்கு ஒரு கோப்பு, நிலநடுக்கத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவைத்துக்கொண்டு வேலை பார்க்கும் நகரம் இரண்டிலும் தோற்கும் என்பதே என் வாதம். இரண்டு ஆபத்தும் சந்திக்கும் இடம் சுவருக்கு அடியில் இருக்கும் மண். பணம் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

சுவர் என்ற சொல்லைக் கேட்டதும் கடலுக்குள் ஆழமாக இறங்கி நிற்கும் கருங்கல் அணை ஒன்று மனதில் வரும். எம்பார்கடேரோவில் இருப்பது அப்படிப்பட்டதல்ல. 1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாலுமிகளும் கப்பலை அப்படியே விட்டுவிட்டுத் தங்கம் தேடப் போனார்கள். கைவிடப்பட்ட கப்பல்கள் கிடங்காகவும் விடுதியாகவும் மாறின. பிறகு அவற்றைச் சுற்றி மணலும் குப்பையும் கொட்டிக் கடலைத் தூர்த்தபோது மண்ணுக்குள் புதைந்தன. அப்படிப் புதைந்த நயான்டிக் என்ற கப்பலின் எச்சங்கள் 1978-ல் ஒரு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெளியே வந்தன. ஆளாளுக்குத் தூர்த்துக்கொண்டிருந்த கரையை ஒழுங்குபடுத்தவே கலிஃபோர்னியா மாநிலம் கடல் சுவர் கட்டியது. முறை எளிமையானது. கரையோரச் சேற்றில் நீளமாக ஓர் அகழி வெட்டினார்கள். பக்கத்து டெலிகிராஃப் மலையை உடைத்தெடுத்த பாறைகளை அதில் கொட்டினார்கள். அந்தக் கற்குவியலின் மேல் பைல் அடித்து முகப்பு கட்டினார்கள். பின்னால் மண் நிரப்பினார்கள். இப்படி உருவான நிலம் 500 ஏக்கருக்கு மேல். அதாவது, இன்று அந்நகரத்தின் பணம் புழங்கும் இடத்தில் பெரும்பகுதி, கொட்டிய மண்ணின் மேல் நிற்கிறது. கொட்டிய மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது கற்குவியல். கற்குவியல் உட்கார்ந்திருப்பது வளைகுடாச் சேற்றில்.

கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்ணியல் பொறியியல் என்று ஒரு துறையே அப்போது கிடையாது. கப்பல் வந்து அணைய ஒரு நேரான கரை வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அதற்கு நூறாண்டு தாங்கும் விடையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாம் இன்று கேட்பது வேறு கேள்வி. தரை பலமாகக் குலுங்கினால் இது என்ன ஆகும்?

அரிசி அளக்கும்போது படியைத் தட்டினால், அரிசி கீழே இறங்கி நெருக்கமாக அமரும். தளர்வாகக் கொட்டப்பட்ட மணலும் குலுங்கும்போது அப்படித்தான் அமரப் பார்க்கிறது. ஆனால் மணலின் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரம்பியிருந்தால், அந்தத் தண்ணீர் சட்டென்று வெளியேற வழியில்லை. மணலின் பாரம் தண்ணீர் மேல் ஏறுகிறது. சில நொடிகளுக்கு மண் தன் பலத்தை இழந்து குழம்பாகிவிடுகிறது. மேலே நிற்கும் கட்டடம் சாய்கிறது, கீழே புதைத்த குழாய் மிதந்து மேலே வருகிறது. இது தூர்த்த நிலத்துக்கு வரும் கேடு. சேற்றின் கேடு இன்னொரு விதம். மென்மையான சேறு பாறையைவிட அதிகமாக ஆடும். பாறையில் சாதாரணமாக உணரப்படும் அதிர்வைப் பெருக்கிக் காட்டும். அதோடு, சேறு பலவீனமாக இருக்கும் இடத்தில் மேலே உட்கார்ந்த கற்குவியலும் அதன் பின்னால் உள்ள நிலமும் சேர்ந்து கடல் பக்கமாக நகரத் தொடங்கும். சுவர் சில அடிகள் நகர்ந்தால் போதும்: தண்டவாளம் வளையும், குழாய் உடையும், படகுத்துறைக்கும் தரைக்கும் நடுவே பிளவு விழும்.

1989 அக்டோபர் 17 அன்று வந்த லோமா பிரீட்டா நிலநடுக்கம் இதற்கு ஒரு சிறு ஒத்திகை. அளவு 6.9. ஆனால் மையம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 90 கிலோமீட்டருக்கும் அப்பால், சாண்டா குரூஸ் மலைகளில். பலமான குலுக்கல் நீடித்தது ஏறக்குறைய 15 நொடிதான். அந்தத் தூரத்திலும் அந்த நேரத்துக்குள்ளும் மரீனா பகுதியின் தூர்த்த நிலம் குழம்பாகி வீடுகள் சரிந்தன. வளைகுடாப் பகுதி முழுவதும் சேர்த்து 63 பேர் இறந்தார்கள். கடல் சுவர் அன்று தப்பிவிட்டது. இதைச் சுட்டிக்காட்டி, “அன்றே விழாத சுவர் இனி ஏன் விழப்போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. தூரத்து இடியில் தப்பிய கூரை, தலைமேல் விழும் இடியிலும் தப்பும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நகரத்துக்கு மேற்கே ஓடுகிறது, ஹேவர்டு பிளவு வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஓடுகிறது. இரண்டும் அருகிலேயே இருக்கின்றன. 2014-லிருந்து 2043-க்குள் வளைகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஒரு நிலநடுக்கமாவது வர 72 சதவீத வாய்ப்பு இருப்பதாக அமெரிக்க நிலவியல் ஆய்வகம் கணித்திருக்கிறது.

அந்த 1989 மாலையில் நடந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மரீனாவில் தீப்பிடித்தபோது தெருக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. 1906 நிலநடுக்கப் பேரழிவுக்குப் பிறகு தீயணைப்புக்கென்றே தனியாகப் போட்ட உயர் அழுத்தக் குழாய்களும் வேறொரு பகுதியில் உடைந்து, தேக்கி வைத்திருந்த தண்ணீர் வடிந்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது ஃபீனிக்ஸ் என்ற ஒரே ஒரு தீயணைப்புப் படகு. கரைக்கு வந்து, வளைகுடாத் தண்ணீரை உறிஞ்சி, தெருவில் இழுத்துப் போட்ட குழாய்கள் வழியாக அனுப்பியது. 1906-லும் இதே கதைதான்: நகரம் மூன்று நாள் எரிந்தபோது கடற்படைப் படகுகள் கடல் நீரைப் பாய்ச்சித் துறைமுகக் கரையைக் காப்பாற்றின, ஃபெர்ரி படகுகள் பல்லாயிரம் பேரை அக்கரைக்கு ஏற்றிப் போயின. 1989-ல் நகரத்தை அக்கரையோடு இணைக்கும் பே பாலத்தின் ஒரு துண்டு இடிந்து, பாலம் ஒரு மாதம் மூடிக் கிடந்தபோதும் மக்கள் வேலைக்குப் போக வர மறுபடி ஃபெர்ரிதான். ஆக, பேரிடர் வரும் நாளில் அந்தக் கரை வெறும் காட்சிக் கரையாக இருப்பதில்லை. தீயணைக்கும் தண்ணீர் வரும் வழியும், மக்கள் வெளியேறும் வழியும் அதுவே. கரை நகர்ந்து பிளந்து கிடந்தால் படகு எங்கே அணையும்?

இனி கடலுக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோ கடல்மட்டத்தை 1854 முதல் அளந்து வருகிறது. மேற்கு அரைக்கோளத்தில் இத்தனை நீண்ட, தொடர்ந்த பதிவு வேறெங்கும் இல்லை. கடந்த ஒரு நூற்றாண்டில் அங்கே கடல் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பெரிய ஓதம் வரும் குளிர்கால நாள்களில், மழை ஒரு துளி இல்லாமலேயே எம்பார்கடேரோ நடைபாதையில் தண்ணீர் ஏறிவிடுகிறது. கலிஃபோர்னிய அரசு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2100-ல் கடல் 1.6 அடியிலிருந்து 6.6 அடி வரை உயரக்கூடும் என்று பல நிலைகளைத் தருகிறது. இதைப் பார்த்ததும் பொதுவாக எழும் குரல்: சுவரை உயர்த்துங்கள். ஆனால் கடல் மேலே மட்டும் வருவதில்லை, அடியிலும் வருகிறது. கடல் உயரும்போது கரையோர நிலத்தடி நீரும் சேர்ந்து மேலேறும்; சுவர் எத்தனை உயரம் இருந்தாலும் அதைத் தடுக்காது. மேலும், அந்த நகரத்தில் மழைநீரும் சாக்கடையும் பெரும்பாலும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழை நாளில் அது வளைகுடாவில்தான் வழிந்து கொட்டும். வெளியே கடல் உயர்ந்து நின்றால் உள்ளே வடிய இடமில்லை. கடலைத் தடுக்கும் சுவர் மழைநீரையும் உள்ளேயே நிறுத்தும் என்பதால், சுவரோடு பம்புகளையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது.

இங்கேதான் இரண்டு கோப்புகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நிலத்தடி நீர் மேலேறினால் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் மண்ணின் அளவு கூடுகிறது; குலுங்கும்போது குழம்பாகும் மண்ணும் கூடுகிறது. அதாவது கடல் உயர்வு, நிலநடுக்கத்தின் சேதத்தைப் பெரிதாக்குகிறது. வெள்ளத்துக்குப் பயந்து பழைய சுவரின் தலையில் கான்கிரீட்டும், பின்னால் மண்ணும் ஏற்றினால், சேற்றின் மேல் பாரம் கூடுகிறது. குலுங்கும்போது சரியும் வேகமும் கூடுகிறது. அப்படியானால் வெள்ளத் தடுப்பு வேலையே நிலநடுக்க ஆபத்தை வளர்க்கும். மறுபக்கம், நிலநடுக்கத்தில் சுவர் நகர்ந்து நிலம் அமர்ந்துவிட்டால், அடுத்த பெரிய ஓதத்தில் வெள்ளம் உள்ளே வரும். நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் இதை அனுபவித்துவிட்டது. 2010, 2011 நிலநடுக்கங்களில் ஏவன் ஆற்றங்கரை நிலம் அமிழ்ந்துபோனது. அதற்கு முன் தண்ணீர் ஏறாத வீதிகளில் பிறகு தண்ணீர் ஏறியது. 2014 மார்ச் மழையில் நகரின் பல பகுதிகள் மூழ்கின. குடியிருக்க ஏற்றதல்ல என்று அரசு முடிவு கட்டிய நிலத்திலிருந்து சுமார் 8,000 வீடுகள் காலி செய்யப்பட்டன. அங்கே வெள்ளத்தைக் கொண்டுவந்ததில் நிலநடுக்கத்துக்கும் பங்கு உண்டு.

மண்ணைப் பலப்படுத்தினால் பயன் உண்டா என்பதற்குச் சான்று ஜப்பானில் கிடைக்கிறது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரம் குலுங்கியபோது, உலகின் முன்னணிக் கன்டெய்னர் துறைமுகங்களில் ஒன்றாக இருந்த அந்தத் துறைமுகத்தின் பெரும்பாலான கரைச் சுவர்கள் கடல் பக்கமாகச் சராசரியாக 3 மீட்டர், சில இடங்களில் 5 மீட்டர் வரை நகர்ந்தன. பார்வைக்கு அவை உடைந்து நொறுங்கவில்லை. முழுசாகவே நகர்ந்து சாய்ந்து நின்றன. சுவரின் பலம் போதும், அடியிலிருந்த மண்ணின் பலம் போதவில்லை. அதே துறைமுகத்தில் மாயா துறையின் சில தளங்களை மட்டும் கூடுதல் நிலநடுக்க விசைக்கு ஏற்பக் கட்டியிருந்தார்கள். அவை அன்றும் பயன்பட்டன. கிரேன், கிடங்கு எல்லாம் திரும்பக் கட்டப்பட்ட பிறகும், பூசானுக்கும் பிற துறைமுகங்களுக்கும் போய்விட்ட சரக்கில் பெரும்பகுதி கோபேக்குத் திரும்பவில்லை. அடுத்து 2011-ல் ஜப்பானில் வந்த பெரும் நிலநடுக்கம். டோக்கியோ விரிகுடாவை ஒட்டித் தூர்த்து உருவாக்கிய உராயாசுவில் வீடுகள் சரிந்தன, மேன்ஹோல்கள் தரைக்கு மேலே எழும்பி நின்றன. ஆனால் அதே ஊரில், கட்டுவதற்கு முன்பே மண்ணை இறுக்கிப் பலப்படுத்தியிருந்த டோக்கியோ டிஸ்னிலாந்தின் பூங்காப் பகுதி பெரிதாக ஒன்றும் ஆகாமல் தப்பியது. பலப்படுத்தாமல் விட்ட அதன் கார் நிறுத்துமிடத்தில் மண் குழம்பாகி வெளியே வந்தது. ஒரே நிலநடுக்கம், ஒரே நிறுவனம், ஒரே வளாகம். இதைவிடத் தெளிவாக ஓர் ஆய்வகத்தில்கூடக் காட்டிவிட முடியாது.

சான் பிரான்சிஸ்கோவில் இந்த மண் வேலையை யார் செய்வது என்பதில் நிர்வாகச் சிக்கல் இருக்கிறது. 1968-ல் வந்த பர்ட்டன் சட்டத்தின் வழியாக மாநிலம் துறைமுகத்தை நகரத்திடம் ஒப்படைத்தது. ஆனால் அது நகரத்தின் சொந்த நிலம் அல்ல, எல்லா மக்களுக்காகவும் வைத்துக் காக்க வேண்டிய நிலம் என்ற நிபந்தனையோடு. துறைமுகம் தன் செலவைத் தன் வாடகை வருமானத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் உணவகமும் கிடங்கும் கார் நிறுத்துமிடமும் தரும் வாடகையில், ஒரு நகரத்தின் கரையையே அடியோடு மாற்றும் வேலை நடக்காது. 2016-ல் துறைமுகம் செய்த ஆய்வு, சுவர் எத்தனை பலவீனமானது என்பதை எழுத்தில் கொண்டுவந்தது. 2018 நவம்பரில் 42.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு நகரம் வாக்கெடுப்பு நடத்தியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கற்குவியலைப் பழுதுபார்க்க வாக்காளர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சம்மதம் சொன்னது என்னைப் பொறுத்தவரை அந்த நகர அரசியலில் நடந்த அபூர்வமான விஷயங்களில் ஒன்று. அதே வாக்காளர்கள்தான் 1986-ல், கரையை மறைத்து நின்ற எம்பார்கடேரோ மேம்பாலத்தை இடிக்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார்கள். பிறகு நிலநடுக்கம் பாலத்தைச் சிதைத்தது. மேயர் ஆர்ட் ஆக்னோஸ் இடிக்கச் சொன்னார். பாலத்தை நம்பி வியாபாரம் நடத்திய சைனாடவுன் அவர் மேல் கோபப்பட்டது. 1991 தேர்தலில் அவர் தோற்றார். இன்று அந்த மேம்பாலம் மறுபடி வேண்டும் என்று கேட்க ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம்.

42.5 கோடி தொடக்கத்துக்கு மட்டுமே போதும். மீதிக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவை நாட வேண்டியிருந்தது. அந்தப் பிரிவும் துறைமுகமும் சேர்ந்து 2024 ஜனவரியில் ஒரு வரைவுத் திட்டத்தை வெளியிட்டன: அக்வாட்டிக் பார்க்கிலிருந்து ஹெரான்ஸ் ஹெட் பார்க் வரை சுமார் 12 கிலோமீட்டர் கரை, மதிப்பீடு 1,350 கோடி டாலர். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் 65 சதவீதம் வரை மத்திய அரசு தரும். கிலோமீட்டருக்கு நூறு கோடி டாலருக்கு மேல் என்பது யாரையும் ஒரு நிமிடம் நிறுத்திவைக்கும் தொகைதான். இங்கே கோப்புப் பிரிவினை பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பொறியாளர் பிரிவின் வேலை வெள்ளச் சேதத்தைக் குறைப்பது. ஒரு திட்டம் போட்ட பணத்தைவிட அதிகப் பயன் தருமா என்று கணக்கிடும்போது அது எண்ணுவது வெள்ளத்தால் வரவிருந்த நஷ்டத்தை. நிலநடுக்கத்தில் தப்பும் உயிர்களும் படகுத்துறையும் அந்தக் கணக்கில் முழுசாக ஏறுவதில்லை. கட்டும் வெள்ளத் தடுப்பு நிலநடுக்கத்தில் விழுந்துவிடக் கூடாதே என்ற வாசல் வழியாகத்தான் மண் பலப்படுத்தும் வேலை திட்டத்துக்குள் வந்திருக்கிறது. வந்தது நல்லதே. ஆனால் பின்வாசல் வழியாக வந்த செலவு, பட்ஜெட் இறுகும்போது முதலில் வெளியேற்றப்படும் செலவாகவும் இருக்கும். எனக்குள்ள பயம் இதுதான்: சுவரின் உயரம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டலாம், தரைக்கு அடியில் 20 மீட்டர் ஆழத்தில் சிமென்ட் கலந்து இறுக்கிய மண்ணுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

எதிர்வாதங்களில் வலுவானது, காத்திருக்கலாமே என்பது. 2100-ல் கடல் உயர்வு 1.6 அடியா 6.6 அடியா என்றே தெரியாதபோது இத்தனை பணத்தை ஏன் இப்போதே கொட்ட வேண்டும்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. உயரத்தைப் பொறுத்தவரை நானும் உடன்படுகிறேன். வரைவுத் திட்டமும் ஒரேயடியாக உச்ச உயரத்துக்குப் போகவில்லை, இடத்துக்கேற்ப 1.5 அடியிலிருந்து 3.5 அடி வரையான கடல் உயர்வுக்கு முதலில் கட்டிவிட்டு, தேவைப்படும்போது பிறகு உயர்த்திக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் இந்த நிதானம் தலைக்குப் பொருந்துமே தவிர, காலுக்குப் பொருந்தாது. கைப்பிடிச் சுவரை இன்னும் ஓர் அடி உயர்த்துவதை 2060-ல் ஒரு கோடைக்காலத்தில் முடித்துவிடலாம். அடியில் உள்ள மண்ணைப் பலப்படுத்த வேண்டுமானால் மேலே உள்ள சாலை, தண்டவாளம், குழாய் எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதை இரண்டு தடவை செய்ய எந்த நகரத்துக்கும் தெம்பு இருக்காது. நிச்சயமில்லாதது கடலின் உயரம். சேற்றின் பலவீனமும் பிளவின் இருப்பும் நிச்சயமானவை. நிச்சயமில்லாததைக் காரணம் காட்டி நிச்சயமானதைத் தள்ளிப்போடுவது நிதானம் ஆகாது. கடைசி உயரத்தைத் தாங்கும் அடித்தளத்தை இப்போதே போடு, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று என்பதுதான் பணத்தையும் மிச்சப்படுத்தும் வரிசை.

அடுத்த வாதம் பின்வாங்குவது. கடலோடு எத்தனை காலம் மல்லுக்கட்டுவது, தூர்த்த நிலத்தைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று சூழலியலாளர்கள் கேட்கிறார்கள். கிரைஸ்ட்சர்ச் செய்தது அதைத்தான்; அது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். சான் பிரான்சிஸ்கோவின் தெற்குக் கரையில், ஐலேய்ஸ் ஓடைப் பக்கம், சில இடங்களில் தண்ணீருக்கு இடம் விட்டுக் கரையை உள்ளே தள்ளுவது சுவரைவிட மலிவாகவும் இருக்கலாம். ஆனால் ஃபெர்ரி பில்டிங்குக்குப் பின்னால் இருப்பது தோட்டத்து வீடுகள் அல்ல. வளைகுடாவின் அடியில் ஓடும் பார்ட் ரயில் சுரங்கம் அங்கேதான் கரை சேர்கிறது. சுரங்க டிராம் பாதை அங்கே திறக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும் பெரும் கான்கிரீட் பெட்டிகள் சாலைக்கு அடியில் கிடக்கின்றன. இவற்றை நகர்த்தும் செலவோடு ஒப்பிட்டால் கரையைப் பலப்படுத்தும் செலவு சிறியது. எனவே பின்வாங்கலை ஒரு கொள்கையாகப் பார்க்காமல் இடத்துக்கு இடம் போடும் கணக்காகப் பார்ப்பதே சரி.

ஒரு நகரம் தன் கரையை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து ஊருக்குப் போகாதா என்ற கேள்வியும் உண்டு. போகும். வளைகுடாவின் ஓர் ஓரத்தில் சுவர் எழுப்பினால் மற்ற ஓரங்களில் வெள்ளம் கூடும் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. அதனால்தான் வளைகுடாவைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊரும் 2034-க்குள் கரைத் திட்டம் ஒன்றை ஒப்படைக்க வேண்டும் என்று 2023-ல் மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. வளைகுடா முழுவதையும் 2050 வரை பாதுகாக்க 11,000 கோடி டாலர் ஆகும், ஒன்றும் செய்யாமல் இருந்தால் 23,000 கோடி நஷ்டமாகும் என்று அப்பகுதியின் அமைப்புகள் மதிப்பிட்டிருக்கின்றன. திட்டம் வேண்டும் என்று விரும்புகிறவர்களே போட்ட கணக்கு என்பதால் இதில் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். பாதி தள்ளினாலும் கணக்கு கிட்டத்தட்டச் சமமாகத்தான் வருகிறது. நிலநடுக்கம் அதில் சேரவே இல்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் அதே மேற்குக் கரையில் வடக்கே சியாட்டிலைப் பார்க்கலாம். 2001 பிப்ரவரி 28 அன்று வந்த நிஸ்குவாலி நிலநடுக்கம், அளவு 6.8, அங்கே கரையோர மேம்பாலத்தையும் அதன் அடியிலிருந்த பழைய கடல் சுவரையும் ஆட்டிவிட்டது. சுவரைத் திறந்து பார்த்தபோது அதன் மரப்பலகைகளைக் கிரிபிள் என்ற கடுகளவு கடற்பூச்சிகள் தின்றுகொண்டிருந்தன. 2012-ல் 29 கோடி டாலர் பத்திரத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். 2013-ல் வேலை தொடங்கியது. நகர மையப் பகுதி 2017-ல் முடிந்தது. அவர்கள் வெறும் முகப்பை மாற்றவில்லை. உயர் அழுத்தத்தில் சிமென்ட் குழம்பைத் தரைக்குள் பாய்ச்சி, மண்ணையே பாறை போன்ற தூண்களாக இறுக்கி, அதன் மேல் புது முகப்பை நிறுத்தினார்கள். நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்துக் கீழே வெளிச்சம் விட்டார்கள். இருட்டுக்குப் பயப்படும் சால்மன் குஞ்சுகள் கரையோரமாக நீந்திப் போக அந்த வெளிச்சம் வேண்டும். மதிப்பீட்டைவிடச் செலவு கூடி 40 கோடி டாலரைத் தாண்டியது. பக்கத்தில் மேம்பாலத்துக்குப் பதிலாகத் தோண்டிய சுரங்கத்தில் பெர்த்தா என்ற ராட்சத இயந்திரம் இரண்டு ஆண்டு சிக்கிக் கிடந்து ஊரே கேலி பேசியது. ஆனாலும் வேலை முடிந்தது. நிலநடுக்கம் வந்தது 2001, சுவர் முடிந்தது 2017. அந்தப் பதினாறு ஆண்டுகளில் இன்னொரு பெரிய நிலநடுக்கம் வராதது அவர்கள் அதிர்ஷ்டம். அதை யாரும் திட்டத்தில் சேர்க்க முடியாது.

சான் பிரான்சிஸ்கோவின் 1,350 கோடித் திட்டம் நாடாளுமன்றத்தின் ஒப்புதலையும், பிறகு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டையும் நம்பி இருக்கிறது. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் அது பல பத்தாண்டு வேலை. எனவே கையில் இருக்கும் பத்திரப் பணத்தை எங்கே செலவழிப்பது என்பதே இப்போதைக்கு உண்மையான நிர்வாகக் கேள்வி. கரை நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவது அரசியலுக்கு வசதி. சரியானது, பேரிடர் நாளில் கட்டாயம் நிற்க வேண்டிய சில இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடிமண் வரை முழுசாக முடிப்பது: ஃபெர்ரி அணையும் துறை, தீயணைப்புப் படகு நிற்கும் இடம், கடல் நீரைத் தெருவுக்கு அனுப்பும் இணைப்புகள், அவற்றுக்குப் போகும் ஒரு சாலை. கோபேயில் கூடுதல் விசைக்கு ஏற்பக் கட்டப்பட்டிருந்த சில தளங்கள்தான் அன்று சரக்கை இறக்கின. வெள்ளத் தடுப்புக்கான உயரம் அதே அடித்தளத்தின் மேல் பின்னால் வரட்டும். 42.5 கோடி என்பது மொத்தச் செலவில் சுமார் 3 சதவீதம். அதைக் கொண்டு 12 கிலோமீட்டரைக் காப்பாற்ற முடியாது, ஆனால் நான்கு படகுத்துறைகளை நிற்கவைக்க முடியும்.